அம்மா தலையில் ஒரு சத்தியம்

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, முதலில் ஒரு எச்சரிக்கை. உங்களைக் கவுன்சிலர் என்று யாரிடமும் அறிமுகப்படுத்திக்கொள்ளாதீர்கள். விழுப்புரத்தில் ஒரு மருத்துவமனையில் நான் சேர்ந்த புதிதில் என் அறை வாசலில் அப்படித்தான் பலகை மாட்டினார்கள். மறு வாரமே கோலியனூர் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். "எங்க தெருவுல லைட்டு எரியல மேடம். சொல்லிச் சொல்லி பேஜாராயிடுச்சு" என்றார். நான் அந்தக் கவுன்சிலர் இல்லை, மனக்கஷ்டத்தைக் கேட்கிற கவுன்சிலர் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "லைட்டு எரியலன்னா மனக்கஷ்டம் இல்லியா?" என்றார். அன்றைக்கே பலகையைக் கழற்றிவிட்டேன். அதன் பிறகு என்னைச் சிஸ்டர் என்றார்கள், டீச்சர் என்றார்கள், பெரும்பாலும் மேடம் என்றார்கள். எல்லாப் பெயருக்கும் திரும்பிப் பார்த்தேன்.

இப்போது ஓய்வு பெற்றுத் திண்டிவனத்தில் இருக்கிறேன். போன மாதம் உங்கள் பயிற்சி வகுப்பில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். சாப்பாட்டு நேரம் வந்துவிட்டதால் பாதியில் நிறுத்தினேன். பிரியாணி வாசனை வந்த பிறகு யார் பேச்சு எடுபடும்? அதனால் மீதியை எழுதித் தருகிறேன். என்ன மருந்து, என்ன கேள்வி, யாருக்கு எப்போது தகவல் என்பதெல்லாம் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதில் நான் வாயைத் திறக்கப் போவதில்லை.

உயிரை விட முயன்று பிழைத்து வந்த இளம் பிள்ளைகளைத்தான் நான் அதிகம் பார்த்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிற குடும்பத்தைக் கேட்டால் எல்லாருக்கும் ஒரே பதில். "வயித்து வலி தாங்க முடியல மேடம்." நம் மாவட்டத்தில் இத்தனை வயிறுகளா வலிக்கின்றன என்று வெளியூரிலிருந்து வந்த ஒரு இளம் டாக்டர் திகைத்துப்போய் ஸ்கேனுக்கு எழுதிவிட்டார். வயிறு சுத்தமாக இருந்தது. நீங்கள் அந்த வயிற்று வலியைப் பொய் என்று போட்டு உடைக்காதீர்கள். மானத்தின் மேல் அந்தக் குடும்பம் இழுத்துப் போர்த்திய துணி அது. "எப்போலேர்ந்து வலிக்குது?" என்று மட்டும் கேளுங்கள். "அவங்கப்பா பேச்ச நிறுத்துனதுலேர்ந்து" என்று பதில் வரும். "கூடப் படிக்கிற பொண்ணு இவன ஒதுக்கி வெச்சதுலேர்ந்து" என்று வரும். உண்மையைச் சொல்லிவிட்டோம் என்பதே சொன்னவருக்குத் தெரியாது.

பரீட்சையில் தோற்றதால், காதல் முறிந்ததால், ஃபோனைப் பிடுங்கியதால் என்று பத்திரிகையில் ஒரு வரியில் போட்டுவிடுவார்கள். ஒரு வரியில் யாரும் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. பல நாள் நடந்து போகிறார்கள். போகும் வழியெல்லாம் யாராவது கூப்பிட மாட்டார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே போகிறார்கள். உட்கார்ந்து கேட்டால் இரண்டு பேச்சு மாறி மாறி வரும். "என்னாலதான் எல்லாருக்கும் கஷ்டம்." இன்னொன்று, "நான் இல்லன்னாலும் இங்க யாருக்கும் ஒண்ணும் ஆவாது." மனநோய் இருக்கிற பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு டாக்டரும் மருந்தும் வேண்டும், அதில் உங்கள் வாய்ச் சாமர்த்தியத்தைக் காட்டாதீர்கள். ஆனால் மருந்து சாப்பிடுகிற பிள்ளைக்கும் ஏக்கம் இருக்கும். யார் மேல் ஏக்கம் என்று தெரிந்துகொள்ளாமல் அந்த அறையை விட்டு எழுந்திருக்காதீர்கள்.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். கவிதா என்று வைத்துக்கொள்வோம். ஊரையும் வீட்டையும் கொஞ்சம் மாற்றித்தான் சொல்கிறேன், துருவாதீர்கள். காணை பக்கம் ஒரு கிராமம். அப்பாவுக்குச் சொந்த நிலம், நெல்லும் கரும்பும். இவள் திண்டிவனத்தில் ஹாஸ்டலில் தங்கிக் கல்லூரியில் படித்தாள். வகுப்பில் ஒரு பையனோடு பழக்கம். யாரோ வீட்டில் சொல்லிவிட்டார்கள். அப்பாவும் அம்மாவும் வந்து பெட்டியோடு அழைத்துக்கொண்டு போனார்கள். அப்பா அடிக்கவில்லை, திட்டவில்லை. கூட்டேரிப்பட்டில் இறங்கி வேறு பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது மூன்று டீ வாங்கினார். மகளுடைய டீயை அம்மா கையில் கொடுத்து, "அவளாண்ட குடு" என்றார்.

அன்றிலிருந்து மாதக் கணக்கில் அந்த வீட்டில் அப்படித்தான். அவளைச் சாப்பிடச் சொல்லு, அவளை உள்ளே போகச் சொல்லு. எல்லாம் அம்மா வழியாகத்தான் வரும். அந்தப் பையன் நம்பரை மாற்றிவிட்டான். ஹாஸ்டல் தோழிகள் பயந்துகொண்டு கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். முன்பெல்லாம் கரும்பு வெட்டு நடக்கும்போது அப்பா முதல் கழியைச் சீவி இவளிடம்தான் நீட்டுவாராம். உயிரை விடப் பார்த்துப் பிழைத்து வந்த பிறகு, வார்டில் அதை என்னிடம் சொன்னபோதுதான் முதன்முதலாக அழுதாள். பையனைப் பற்றிப் பேசும்போது கூட அழாதவள்.

உடம்பு தேறி வீட்டுக்குப் போகிற நாளில்தான் அது நடந்தது. அம்மா அவள் கையைப் பிடித்துத் தன் உச்சந்தலையில் வைத்துக்கொண்டார்.

"என் தலைல அடிச்சு சத்தியம் பண்ணு. இனிமே இந்த நெனப்பே வராதுன்னு சொல்லு."

கவிதா சத்தியம் செய்தாள். நர்ஸ் சிரித்தார். பக்கத்துக் கட்டில் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் மனசு லேசானது. நம் ஊரில் எதற்குத்தான் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கவில்லை? குடியை விட, சீட்டாட்டத்தை விட, மைத்துனனோடு சண்டையை விட என்று எல்லாவற்றுக்கும் உண்டு. நாங்கள் கத்தோலிக்கக் குடும்பம். ஆணையிடாதே, அதாவது சத்தியம் செய்யாதே, என்று பூசையில் பயபக்தியோடு கேட்டுவிட்டு வருவோம், வீட்டுப்படி ஏறியதும் என் அம்மா தலையை நீட்டுவார். அதனால் அது எனக்கு ஒன்றும் புதிதாகப் படவில்லை.

அதன் பிறகு அம்மாவோடு ஒழுங்காக வந்து போனாள். எப்போது கேட்டாலும், "நல்லா இருக்கேன் மேடம்." அப்பா பேசுகிறாரா என்றால் மட்டும் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்ப்பாள். ஒருநாள் புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு, முகத்தில் ஒரு சிரிப்போடு வந்தாள். வேகவைத்த மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, ஒரு பொட்டலம் கொண்டுவந்திருந்தாள். அம்மா மாத்திரை வாங்க வரிசையில் போய் நின்றார். கதவுக்கு வெளியே எக்கச்சக்கக் கூட்டம். எட்டிப் பார்த்த ஆயாம்மா, "பொண்ணு தெளிஞ்சிடுச்சு மேடம், முகத்தப் பாருங்க" என்றார்.

"எனக்காக ரொம்ப கஷ்டப்பட்டுட்டீங்க மேடம். உங்கள மாரி யாரும் கேட்டதில்ல. என்ன மறந்துடாதீங்க" என்றாள் கவிதா.

அடுத்த மாதம் வரப்போகிறவள் எதற்கு மறந்துவிடாதீர்கள் என்கிறாள்? அழுதுகொண்டிருந்த பிள்ளை காரணமே தெரியாமல் ஒருநாள் அமைதியாகி, நன்றி சொல்லி, விடை பெறுகிற மாதிரிப் பேசினால் சந்தோஷப்பட்டு அனுப்பிவிடாதீர்கள். வெளியே கூட்டம் கத்தினால் கத்தட்டும். நான் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். சுற்றி வளைக்கவில்லை. கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாக ஆகிவிடும் என்று பயப்படுவீர்கள். நானும் பயந்திருக்கிறேன். அப்படி ஆவதில்லை, கேட்பதற்கு ஒரு ஆள் கிடைத்தது என்றுதான் ஆகிறது.

"செத்துப்போயிடலாம்னு நெனப்பு வருதாம்மா?"

"அம்மா தலைல சத்தியம் பண்ணிட்டேனே மேடம்."

"நான் சத்தியத்தக் கேக்கல. நெனப்பு வருதான்னு கேக்கறேன்."

சிரிப்பு அப்படியே இருந்தது. கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் இறங்கியது.

"தெனமும் வருது மேடம். வந்தாலே சத்தியத்த மீறுனதுதானே? போன வாரம் அம்மாவுக்கு ஜுரம். படுத்த படுக்கையா கெடந்தாங்க. என்னாலதான். நான் நெனச்சிக்கினே இருந்தா அவங்க தலைக்கு ஏதாவது ஆயிடும். நெனக்காம இருக்கவும் முடியல. யாராண்டையும் சொல்லவும் முடியல. நான் இருக்கிற வரைக்கும் எங்கம்மாவுக்கு ஆபத்துதான்."

பிள்ளைகளே, யோசித்துப் பாருங்கள். மகள் பிழைக்க வேண்டும் என்று அந்தத் தாய் தன் தலையையே அடகு வைத்தார். மகளோ அந்தத் தலையைக் காப்பாற்றத் தான் போய்விட வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு இருக்கிறாள். ஒன்றைச் செய்ய மாட்டேன் என்று சத்தியம் வாங்கலாம். நினைக்க மாட்டேன் என்று யாரால் சத்தியம் பண்ண முடியும்? நினைப்பு என்ன நாம் கூப்பிட்டா வருகிறது? இவள் மேல் ஏற்கெனவே இருந்த பாரம் போதாதென்று வாய்ப்பூட்டு வேறு போட்டுவிட்டோம்.

"அம்மாவாண்ட சொல்லிடாதீங்க மேடம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உங்களுக்கும் இது வரும். நம்பிச் சொன்ன பிள்ளை, யாரிடமும் சொல்லாதே என்று கெஞ்சும். அந்த வாக்கை மட்டும் கொடுக்காதீர்கள், பொய்யாகவும் கொடுக்காதீர்கள். நான் அவளிடம் சொன்னது இதுதான். "இத எனக்குள்ளயே வெச்சிக்க முடியாதுடா. டாக்டருக்குச் சொல்லணும், அம்மாவுக்கும் சொல்லணும். ஆனா உன் முதுகுக்குப் பின்னாடி சொல்ல மாட்டேன். நீ இங்கயே உக்காரு. உன் எதுருலதான் சொல்வேன். எதச் சொல்லணும், எத வேணாம்னு நீயே சொல்லு." அவள் கையை விடாமலே ஃபோனில் டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் வரும்வரை, வந்த பிறகும்கூட, அவளைத் தனியாக விடவில்லை.

அம்மா மாத்திரைக் கவரோடு உள்ளே வந்தார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்தது. திட்டுவாரோ, மாரில் அடித்துக்கொள்வாரோ என்று எனக்குக் கவலை. அவர் நேராக மகளிடம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்கு ஜுரம் மழைல நனஞ்சதால வந்துதுடி. நாத்தாங்கால்ல எல்லாருந்தான் நனஞ்சோம்."

"நீ சும்மா சொல்ற."

"சரி, சத்தியந்தானே உன்னப் புடிச்சிக்கினு இருக்குது?" என்றார். மகளின் கையை எடுத்து, முன்பு வைத்த மாதிரியே தன் உச்சியில் வைத்தார். இன்னொரு சத்தியமா? தடுக்க எழுந்துவிட்டேன். ஆனால் அவர் தன் இன்னொரு கையால் மகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, தலையிலிருந்து கையை எடுத்துக் கீழே அவள் மடியில் வைத்தார்.

"வெச்சதும் நாந்தான், எடுத்ததும் நாந்தான். இனிமே என் தலைல ஒண்ணுமில்ல. நெனப்பு வந்தா வருட்டும். வந்துச்சுன்னு என்னாண்ட சொல்லு. நான் வெசனப்படுவேன்னு பாக்காத. திட்ட மாட்டேன். பதிலுகூட சொல்ல மாட்டேன். பக்கத்துல வந்து உக்காந்துக்கறேன்."

அந்த அம்மாவுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. பயந்துபோன தாய் ஒரு தடவை தப்பாகச் செய்ததை இன்னொரு தடவை சரியாகச் செய்தார், அவ்வளவுதான். கவிதா வெகுநேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அம்மா மடியில் படுத்துவிட்டாள். அதற்குப் பிறகு என் வார்டில் யாராவது தலையை நீட்டினால் நான் நடுவில் போய் நிற்பேன். "சாவ மாட்டேன்னு சத்தியம் கேக்காதீங்க. நெனப்பு வந்தா சொல்லணும்னு மட்டும் கேளுங்க. சொன்னா என்ன பண்ணுவீங்கன்னும் இப்பவே சொல்லுங்க" என்பேன்.

அன்று அவளை வீட்டுக்கு அனுப்பவில்லை. டாக்டர் வார்டிலேயே வைத்துக்கொண்டார், அம்மாவும் கூட இருந்தார். மறுநாள் காலையில் அப்பா வந்தார். உள்ளே வராமல் வண்டி ஸ்டாண்டிலேயே நின்றுகொண்டிருந்தார். நான்தான் போனேன்.

"நான் அவள கை நீட்டி அடிச்சதில்ல மேடம். மத்தவன் மாரி அசிங்கமா திட்டுனதில்ல. ஒரு வார்த்த பேசல" என்றார்.

"ஒரு வார்த்தை கூடவா பேசல?"

"ஒரு வார்த்த பேசல" என்றார் மறுபடி, அதே பெருமையோடு. சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. வண்டியின் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார். "வாயத் தொறந்தா அழுதுடுவேன் மேடம். அப்பன் அழுதா பொண்ணு தாங்குமா?"

"தாங்கும். பேசாம இருக்கறதத்தான் தாங்கல" என்றேன்.

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மகள் முன்னால் நிறுத்தி, பேசுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் துறுதுறுத்தது. ஆனால் இத்தனை கட்டில்களுக்கு நடுவில் ஒரு மனிதரைப் பேச வைத்தால் அவர் ஊருக்காகப் பேசுவார். அது மகளுக்குத் தெரிந்துவிடும். வீட்டில் எதையெல்லாம் பூட்டி வைக்க வேண்டும், ஏன் அவளைக் கொஞ்ச நாளுக்குத் தனியாக விடக்கூடாது என்பதை மட்டும் சொன்னேன். சரி சரி என்று தலையாட்டினார். அப்புறம் வார்டு வாசல் வரைக்கும் வந்து, தூங்கிக்கொண்டிருந்த மகளைத் தூரத்திலிருந்து பார்த்தார். நர்ஸிடம், "மாத்திரைய மறக்காம குடுத்துடுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது, மறைப்பானேன். இரண்டு கட்டில் தள்ளி மகள் படுத்திருக்கிறாள், இந்த மனுஷன் நர்ஸிடம் பேசிவிட்டுப் போகிறாரே என்று.

இந்த வேலையில் நமக்கும் ஒரு ஏக்கம் ஒட்டிக்கொள்ளும், அதையும் சொல்லிவிடுகிறேன். தேறிய பிள்ளைகள் நம்மிடம் திரும்பி வர மாட்டார்கள். வரக்கூடாது, அதுதான் தேறியதற்கு அடையாளம். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் இன்றைக்கும் பஸ்ஸில் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். கல்லூரிப் பையோடு யார் ஏறினாலும் என் கண் அங்கே போகும். ஒன்றிரண்டு முகங்களைப் பார்த்துமிருக்கிறேன். பார்த்தும் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். நானும் திரும்பிக்கொள்வேன். ஒரு தடவை சிரித்திருக்கலாமே என்று மனசு அடித்துக்கொள்ளும். எல்லாரையும் பிடித்து நிறுத்திவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். சிலர் போய்விட்டார்கள். அவர்களுடைய பெயர்களை ஞாயிற்றுக்கிழமை பூசையில் மனசுக்குள் சொல்கிறேன். அதற்கு மேல் அவர்களைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. அந்த அறையையும், கதவுக்கு வெளியே கத்துகிற கூட்டத்தையும் நினைத்தால் இப்போதே பஸ் ஏறிவிடலாம் போல இருக்கிறது. உங்கள் மேல் எனக்குப் பொறாமை, தெரிந்துகொள்ளுங்கள்.

கவிதா வீட்டுக்குப் போன பிறகு வந்த ஒரு ஃபோனை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். மதியச் சாப்பாட்டு நேரம். நான் அறையில் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன்.

"மேடம், இன்னிக்கு காலைல நெனப்பு வந்துச்சு" என்றாள்.

நான் டப்பாவை மூடினேன். "இப்போ எப்படிம்மா இருக்குது? பக்கத்துல யாரு இருக்கா?"

"இப்போ பரவால்ல மேடம். அம்மா இங்கதான் இருக்காங்க. வந்ததுமே அம்மாவாண்ட சொல்லிட்டேன். ஒண்ணுமே கேக்கல. வேலைக்குப் போகாம பக்கத்துலயே உக்காந்துக்கினாங்க. பூண்டு உரிச்சிக்கினே இருந்தோம்."

"நல்லது பண்ணுனம்மா."

"அதுக்கு ஃபோன் பண்ணல மேடம். இப்போதான் அப்பா கழனிலேர்ந்து வந்தாரு. எப்பவும் போல அம்மாவப் பாத்து, 'அவ சாப்ட்டாளா?'ன்னாரு. அம்மா சொல்றதுக்குள்ள, 'இன்னும் இல்லப்பா'ன்னு நானே சொல்லிட்டேன்."

"அப்பா என்ன சொன்னாரு?"

"இன்னொரு தட்டு எடுத்து அவரு பக்கத்துல வெச்சாரு. 'வா'ன்னாரு."